ஈசியு கொடுப்பது எர்த் மட்டும்தான்: ரிலே, சாலினாய்டு வயரிங் செய்யும் முறை

பழைய காரில் தனியாக வாங்கிய ஈசியு (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்) மாட்ட உட்காருபவர்கள் முதலில் பயப்படுவது கிராங்க் சென்சாரையும் இன்ஜெக்டரையும் பார்த்துத்தான். அவற்றுக்குக் கையேட்டில் பெரிய படமே இருக்கும், அதனால் நிதானமாகப் பார்த்துச் சரியாகச் செய்துவிடுகிறார்கள். ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப், ஐடில் வால்வு, விடெக் சாலினாய்டு (அதிக ஆர்பிஎம்மில் கேமை மாற்றும் ஹோண்டா வால்வு) இவையெல்லாம் "ஒரு ரிலேதானே, கடைசியில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போய், வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசையில் ராத்திரி பதினோரு மணிக்கு அவசரமாக முறுக்கி டேப் சுற்றப்படுகின்றன. என் கைக்கு வந்த எரிந்த போர்டுகளில் அதிகம் எரிந்தது இந்தப் பக்கம்தான். அதனால் இந்த ஒரு வேலையை மட்டும் விரிவாக எழுதுகிறேன். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன் ஆஃப் செய்யும் சுவிட்ச், சாலினாய்டு என்பது கரண்ட் ஓடினால் வால்வை நகர்த்தும் மின்காந்தம், இரண்டுக்குள்ளும் இருக்கும் கம்பிச் சுருளைத்தான் காயில் என்கிறேன்.

உதாரணத்துக்கு 2003க்கு முன் வந்த பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கை எடுத்துக்கொள்கிறேன், ஈசியு ஸ்பீடுயினோ மாதிரி ஆர்டுயினோ மெகா மேல் ஓடும் ஒன்று. மெகாஸ்குவர்ட்டோ வேறு எதுவோ வைத்திருந்தாலும் அடிப்படை இதேதான், பின் எண்கள் மட்டும் மாறும்.

முதலில் இது மனதில் ஏறட்டும்

ஈசியுவின் ரிலே, சாலினாய்டு அவுட்புட்கள் பெரும்பாலும் 12 வோல்ட் கொடுப்பதில்லை. எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த இணைப்பு, கொடுக்கின்றன. உள்ளே அந்தப் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. ஆன் என்றால் அது பின்னை எர்த்தோடு சேர்க்கும், ஆஃப் என்றால் விட்டுவிடும், அவ்வளவுதான். எனவே நீங்கள் மாட்டும் பொருளின் ஒரு முனைக்குப் பியூஸ் வழியாக 12 வோல்ட், மறுமுனை ஈசியு பின்னுக்கு.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மல்டிமீட்டரை அந்தப் பின்னில் வைத்தால் ஆஃப் நிலையில் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் ரிலே காயில் வழியாக 12 வோல்ட் அந்தப் பின் வரை வந்து நிற்கிறது. ஆன் ஆனதும் கிட்டத்தட்ட 0. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு "ஈசியுவிலிருந்து 12 வோல்ட் வருகிறது" என்று முடிவு செய்து, ரிலேயின் மறுமுனையை பாடியில் எர்த் செய்துவிடுவார்கள். அப்போது ரிலே இழுக்கவே இழுக்காது. இதைவிட மோசமானது, பேட்டரி பாசிட்டிவை நடுவில் எதுவும் இல்லாமல் அந்தப் பின்னில் நேராகக் கொடுப்பது. டிரான்சிஸ்டர் ஆன் ஆகும் நொடியில் முழு பேட்டரியும் அதன் வழியாக எர்த்துக்குப் பாயும், டிரான்சிஸ்டர் போய்விடும்.

ரிலேயின் கால்கள்

சாதாரண நான்கு கால், ஐந்து கால் ரிலேயில் 85, 86 இரண்டும் காயில். 30 என்பது பவர் வரும் கால், 87 என்பது பவர் போகும் கால். ஐந்தாவதாக 87ஏ இருந்தால் அது ரிலே இழுக்காதபோது 30உடன் சேர்ந்திருக்கும். பம்ப் வயரைத் தவறி 87ஏ-யில் சொருகினால் பம்ப் எப்போதும் ஓடும், ஈசியு ஆன் செய்யும்போது மட்டும் நிற்கும். ஐந்தாவது கால் தேவையில்லாத இடத்தில் நான்கு கால் ரிலேயே வாங்குங்கள்.

ஜப்பானிய ரிலேக்களில் 1, 2, 3, 5 என்று எண்கள் வேறு மாதிரி இருக்கும். எண்ணை நம்பாமல் ரிலேயின் மேலே அச்சடித்த படத்தைப் பாருங்கள், படம் அழிந்திருந்தால் மீட்டரை ஓமில் வைத்து இரண்டிரண்டு காலாகத் தொட்டுப் பாருங்கள். 60 முதல் 120 ஓம் வரை காட்டும் ஜோடிதான் காயில்.

ரிலே காயில் 90 ஓம் என்றால் வண்டி ஓடும்போது இருக்கும் 13.8 வோல்ட்டில் அது எடுப்பது சுமார் 0.15 ஆம்ப். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

12 வோல்ட் எங்கிருந்து எடுப்பது

முழு வேலையிலும் அதிகம் கவனம் வேண்டிய இடம் இது. எல்லா ரிலேக்களின் 86க்கும், எல்லா சாலினாய்டுகளின் பாசிட்டிவ் முனைக்கும், ஈசியுவுக்கும் ஒரே மெயின் ரிலேயின் 87இலிருந்து பவர் போக வேண்டும். மெயின் ரிலேயின் 30 பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக, 86 சாவி ஆன் லைனிலிருந்து, 85 எர்த். சாவி திருப்பினால் மெயின் ரிலே இழுக்கும், அதன் 87இலிருந்து தனித்தனி பியூஸ் வழியாக ஈசியுவுக்கு ஒன்று, இன்ஜெக்டர்களுக்கு ஒன்று, ரிலே காயில்களுக்கும் சாலினாய்டுகளுக்கும் ஒன்று. சாவியை எடுத்தால் எல்லாம் ஒன்றாகச் சாக வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? நண்பர் ஒருவரின் வண்டியில் ஃபேன் ரிலே காயிலுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேரடி லைன் கொடுத்திருந்தோம், பக்கத்திலேயே 30க்கு வந்த தடித்த வயர் இருந்ததால் அதிலிருந்தே 86க்கு ஒரு குட்டி வயர் போட்டுவிட்டோம். சாவியை எடுத்த பிறகும் ஈசியுவின் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. லேப்டாப் மாட்டியிருக்கவில்லை, பவர் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு மணி நேரம் தேடினோம். பேட்டரியிலிருந்து ஃபேன் ரிலேயின் காயிலுக்குள் போய், 85 வழியாக ஈசியு பின்னுக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக ஈசியுவின் 12 வோல்ட் லைனுக்கே பின்பக்கமாக ஏறியிருக்கிறது. பல போர்டுகளில் அந்த டையோடு அவுட்புட் பின்னிலிருந்து 12 வோல்ட் லைனை நோக்கி இருக்கும். சாவி ஆனில் இரண்டு பக்கமும் 12 என்பதால் எதுவும் தெரியாது, சாவி எடுத்ததும்தான் வேலையைக் காட்டும். இப்படி 0.1 ஆம்ப் ஓடினால்கூட ஒரு வாரத்தில் 17 ஆம்ப் அவர் போய்விடும், சின்ன காரின் 35 ஆம்ப் அவர் பேட்டரியில் அது பாதி.

இதன் மூத்த அண்ணன் ஒன்று உண்டு: சாவி எடுத்தும் எஞ்சின் நிற்காது. ரிலே இழுப்பதற்கு 7, 8 வோல்ட் வேண்டும், ஆனால் ஒருமுறை இழுத்துவிட்டால் அதைவிட மிகக் குறைந்த வோல்ட்டிலும் பிடியை விடாது, சில ரிலேக்கள் 3 வோல்ட்டுக்கு வந்தாலும் விடுவதில்லை. சாவி லைனில் எங்கிருந்தாவது கொஞ்சம் வோல்ட் பின்னால் ஏறினால், ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு வயர் வழியாகக்கூட, மெயின் ரிலே பிடித்தபடியே இருக்கும், எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மெயின் ரிலேயின் 86க்கு சாவியிலிருந்து தனி லைன் எடுங்கள், வேறு எதையும் அந்த வயரில் சேர்க்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது, ஃபேனுக்கு மெயின் ரிலேயிலிருந்து போவது காயிலின் பவர் மட்டும். ஃபேன் மோட்டாரின் பவர், அதாவது ஃபேன் ரிலேயின் 30, பேட்டரியிலிருந்து தனிப் பியூஸோடு நேராக வரட்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் ஆம்ப்பைவிடப் பல மடங்கு இழுக்கும், அந்தச் சரிவை ஈசியுவின் லைனில் விடக் கூடாது.

5 வோல்ட் பின்னில் ரிலே மாட்டாதீர்கள்

சில போர்டுகளில் கூடுதல் அவுட்புட் என்று வெளியே எடுத்து வைத்திருக்கும் பின்கள் டிரான்சிஸ்டர் இல்லாமல் நேராகச் சிப்பிலிருந்தே வருபவை. ஆர்டுயினோ மெகாவில் இருக்கும் ஏடிமெகா2560 சிப்பின் ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பு 40 மில்லிஆம்ப். ரிலே கேட்பது 150. அதோடு ரிலேயின் மறுமுனையில் இருப்பது 12 வோல்ட், சிப் 5 வோல்ட் வேலை. மாட்டிய உடனே சிப் போய்விடும், சில சமயம் அந்தப் பின் மட்டும், சில சமயம் முழுவதும்.

இதற்கு எளிய வழி யுஎல்என்2003 என்ற ஐசி. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள், விலையும் பெரிதாக இல்லை. உள்ளே ஏழு டிரான்சிஸ்டர் ஜோடிகள், ஒவ்வொன்றும் 500 மில்லிஆம்ப் வரை, ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு டையோடும் உள்ளேயே இருக்கிறது. 5 வோல்ட் பின் இன்புட்டுக்கு, ரிலேயின் 85 அவுட்புட்டுக்கு, எர்த் கால் ஈசியுவின் பவர் எர்த்துக்கு, காம் (COM) கால் ரிலே காயில்களுக்குப் போகும் அதே 12 வோல்ட்டுக்கு. காம் காலை விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் டையோடுகள் எதற்கும் உதவாது. ஏழையும் ஒரே நேரத்தில் அரை ஆம்ப் இழுக்க விடாதீர்கள், ஐசி சூடு தாங்காது. ரிலேக்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

டையோடு

காயில் எதுவாக இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கரண்டைத் திடீரென வெட்டினால் அது எதிர்க்கும். வெட்டப்பட்ட முனையில் வோல்ட் பல மடங்கு எகிறும், சாதாரண ரிலே காயிலே நூறு வோல்ட்டுக்கு மேல் உதைக்கும். டிரான்சிஸ்டர் ஒருமுறை தாங்கும், நூறு முறை தாங்கும், பிறகு ஒருநாள் ஷார்ட் ஆகிவிடும். அதற்குள் அந்த உதை பக்கத்து சென்சார் வயர்களில் ஏறி, ஃபேன் ஆஃப் ஆகும்போதெல்லாம் ஆர்பிஎம் ஒரு துள்ளு துள்ளுவதும், ஈசியு ரீசெட் ஆவதும் நடக்கும். டியூனிங்கில் தப்பு என்று ஈசியுவின் டியூனிங் மேப்பை மாற்றி மாற்றி ஓய்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும், பத்து நாள் கழித்து ஒரு டையோடு போட்டதும் சரியானது.

ரிலேக்கு 1என்4007 போதும். காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே, வெள்ளிக் கோடு இருக்கும் பக்கம் 12 வோல்ட் முனைக்கு, அதாவது 86க்கு. திருப்பிப் போட்டால் ஈசியு ஆன் செய்யும்போது டையோடு வழியாக நேர் ஷார்ட், டையோடோ ஈசியு டிரான்சிஸ்டரோ போகும். எனவே சாலிடர் வைக்கும் முன் ஒரு தடவை, ஹீட் ஷ்ரிங்க் போடும் முன் இன்னொரு தடவை கோட்டைப் பாருங்கள்.

டையோடு உள்ளேயே வைத்த ரிலேயும் கிடைக்கும், படத்தில் காயில் பக்கத்தில் டையோடு குறி இருக்கும். அதில் 85, 86 மாறக் கூடாது. பெரும்பாலும் 86 பாசிட்டிவ், ஆனாலும் உங்கள் ரிலேயின் படம் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. ரோட்டில் ரிலே போய், கிடைத்ததை வாங்கிச் சொருகும்போது இங்கேதான் மாட்டிக்கொள்வோம். உள்ளே டையோடுக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்த ரிலேயும் உண்டு, அதற்குத் திசை கிடையாது.

ஒரு இடத்தில் மட்டும் டையோடு வேண்டாம்: இன்ஜெக்டர். டையோடு போட்டால் கரண்ட் மெதுவாக இறங்கும், ஊசி தாமதமாக மூடும், மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு கணக்குப் பார்க்கிற இடத்தில் பெட்ரோல் கணக்கு கெட்டுவிடும். இன்ஜெக்டர் உதையைத் தாங்க ஈசியுவுக்குள்ளேயே தனி ஏற்பாடு இருக்கிறது, அதில் கை வைக்காதீர்கள்.

சாலினாய்டு: மாட்டும் முன் ஓம் பாருங்கள்

எந்தச் சாலினாய்டாக இருந்தாலும் முதல் வேலை மீட்டரில் ஓம் அளப்பது. 14ஐ அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை ஆம்ப் இழுக்கும் என்று தெரிந்துவிடும். டர்போ அழுத்தத்தை ஆளும் பூஸ்ட் சாலினாய்டு 28 ஓம் என்றால் அரை ஆம்ப். 10 ஓம் ஐடில் வால்வு 1.4 ஆம்ப். 3.5 ஓம் இருக்கும் ஏசி கம்ப்ரசர் கிளட்ச் 4 ஆம்ப், அதை எந்த ஈசியுவிலும் நேராக மாட்டாமல் ரிலே வழியாகவே கொடுங்கள், கிளட்சுக்குக் குறுக்கே டையோடும் வையுங்கள். ஈசியு கையேட்டில் ஒவ்வொரு அவுட்புட்டும் தாங்கும் ஆம்ப் எழுதியிருக்கும், உங்கள் எண் அதில் பாதிக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். சாலினாய்டு குளிர்ந்திருக்கும்போதுதான் ஓம் குறைவு, ஆம்ப் அதிகம், எனவே எஞ்சின் ஆறியிருக்கும்போது அளந்த எண்ணையே கணக்கில் எடுங்கள்.

அடுத்தது, இந்தச் சாலினாய்டு சும்மா ஆன் ஆஃப் தானா, அல்லது பிடபிள்யூஎம்மா என்ற கேள்வி. பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வை ஆன் ஆஃபாகவும் ஓட்டலாம். ஐடில் வால்வும் பூஸ்ட் சாலினாய்டும் அப்படி அல்ல, விநாடிக்குப் பல முறை ஆன் ஆஃப் ஆகி, எவ்வளவு நேரம் ஆன் என்பதை வைத்து எவ்வளவு திறப்பது என்று வேலை செய்பவை. பூஸ்ட் சாலினாய்டு பெரும்பாலும் விநாடிக்கு 20, 30 முறை, ஐடில் வால்வு நூறு, அதற்கு மேலும். இவற்றுக்கு நடுவில் ரிலே வைக்கவே கூடாது. ரிலே அந்த வேகத்தில் இழுக்காது, கடகடவென்று சத்தம் போட்டு முனைகள் எரிந்து ஒட்டிக்கொள்ளும். நேராக ஈசியுவின் மாஸ்ஃபெட் (அதிகக் கரண்ட் தாங்கும் வேகமான டிரான்சிஸ்டர்) அவுட்புட்டுக்கே போக வேண்டும், சாதாரண ரிலே அவுட்புட்டுக்கு அல்ல.

ஐடில் வால்வுக்கு டையோடு போட்டால் துடிப்புக்கு நடுவிலும் கரண்ட் அறுபடாமல் சுற்றிக்கொண்டிருக்கும், வால்வு நடுங்காமல் நிற்கும், மாஸ்ஃபெட்டும் சூடாகாது. இங்கே 1என்4007 போடாதீர்கள், அது 1 ஆம்ப்தான், வேகமும் குறைவு. எஃப்ஆர்307 என்று கேளுங்கள், 3 ஆம்ப், வேகமானது. பூஸ்ட் சாலினாய்டுக்கு மட்டும் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், சில ஈசியுக்களில் உள்ளேயே பாதுகாப்பு இருக்கிறது, வெளியே இன்னொன்று போட்டால் வால்வு மூடுவது தாமதமாகி டியூட்டி கணக்கு, அதாவது எவ்வளவு நேரம் ஆன் என்ற கணக்கு, நகர்ந்துவிடும்.

ஐடில் வால்வில் எத்தனை வயர் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு என்றால் ஒரு காயில், மேலே சொன்னபடி. மூன்று என்றால் இரண்டு காயில், நடுவில் பொதுவான 12 வோல்ட், ஒன்று திறக்க, ஒன்று மூட, ஈசியுவில் இரண்டு அவுட்புட் வேண்டும். நான்கோ ஆறோ இருந்தால் அது ஸ்டெப்பர் மோட்டார், அதற்குத் தனி டிரைவர் வேண்டும், இங்கே சொன்னது எதுவும் அதற்குப் பொருந்தாது.

விடெக் மட்டும் தலைகீழ்

பழைய சிட்டியின் விடெக் சாலினாய்டில் ஒரே ஒரு வயர்தான் இருக்கும். அதன் எர்த் தன் உடம்பு வழியாகவே, சிலிண்டர் ஹெட்டில் திருகிய போல்ட் வழியாகப் போகிறது. ஹோண்டாவின் சொந்த ஈசியு அந்த ஒற்றை வயரில் 12 வோல்ட் கொடுக்கும். நம் ஈசியுவோ எர்த் மட்டும்தான் கொடுக்கும். நேராக மாட்டினால் இரண்டு பக்கமும் எர்த், எஞ்சின் 7000 ஆர்பிஎம் போனாலும் கேம் மாறாது. வண்டியில் ஏதோ இழுவை இல்லை என்று மட்டும் தோன்றும், காரணம் பிடிபடாது.

இது ஆன் ஆஃப் வேலை என்பதால் இங்கே ரிலே வைக்கலாம். ரிலேயின் 86க்கு மெயின் ரிலே 12 வோல்ட், 85 ஈசியுவின் விடெக் அவுட்புட்டுக்கு, 30க்கு மெயின் ரிலேயிலிருந்தே 5 ஆம்ப் பியூஸ் வழியாக 12 வோல்ட், 87 சாலினாய்டின் ஒற்றை வயருக்கு. ரிலே காயிலுக்கு ஒரு டையோடு, சாலினாய்டுக்கு இன்னொரு டையோடு, கோடு வயர் பக்கம், மறுமுனை எர்த். இரண்டாவதைப் பலர் விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ரிலேயின் முனைகளில் ஒவ்வொரு முறையும் தீப்பொறி பறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும்.

மாட்டும் முன் சாலினாய்டின் பின்னுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவில் ஓம் பாருங்கள். 14 முதல் 30 வரை காட்டினால் நல்லது. பக்கத்திலேயே ஆயில் பிரஷர் சுவிட்ச் ஒன்று இருக்கும், அதன் வயரை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பம்ப், ஃபேன்

பெட்ரோல் பம்ப் ரிலேயை ஈசியுதான் ஆள வேண்டும். சாவி திருப்பியதும் இரண்டு விநாடி ஓடி நின்று, கிராங்க் சுற்றுவது தெரிந்ததும் மறுபடி ஓடும். "ஈசியு கைவிட்டால் என்ன செய்வது" என்று பம்பை நேராகச் சாவி லைனில் கொடுத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விபத்தில் எஞ்சின் நின்று பெட்ரோல் குழாய் அறுந்திருக்கும்போது பம்ப் தொடர்ந்து பீய்ச்சிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர அவகாசம் வேண்டும்.

சிட்டியின் ஒரிஜினல் மெயின் ரிலே பெட்டிக்குள் இரண்டு ரிலேக்கள் இருக்கின்றன, இரண்டாவதுதான் பம்ப், அதையும் ஒரிஜினல் ஈசியு எர்த் கொடுத்தே இழுக்கிறது, எனவே அப்படியே பயன்படுத்த முடியும். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் வெயிலில் கிடந்த பெட்டியை நம்புவதைவிடப் புது ரிலே இரண்டு வாங்கிப் போடுவதே நல்லது. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் ரிலே பெட்டி, மூடியோடும் பியூஸ் இடங்களோடும் கிடைக்கும், பெட்டியை மட்டும் அங்கே வாங்கி, ரிலேயும் பியூஸும் புதிதாகப் போடுங்கள்.

ஃபேனுக்கு 95 டிகிரியில் ஆன், 90இல் ஆஃப் என்று இடைவெளி விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ரிலே துடிதுடிக்கும். பல பழைய வண்டிகளில் ரேடியேட்டரிலேயே ஒரு வெப்ப சுவிட்ச் இருக்கும், அதுவும் ஃபேன் ரிலேயின் 85ஐ எர்த் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. அதைக் கழற்றி எறியாதீர்கள். ஈசியு வயரையும் சுவிட்ச் வயரையும் ஒன்றாக 85இல் சேர்த்துவிட்டால் யார் எர்த் கொடுத்தாலும் ஃபேன் ஓடும். மே மாதம் கிண்டி நெரிசலில் ஈசியுவின் டெம்பரேச்சர் சென்சார் வயர் அறுந்தாலும் ஹெட் கேஸ்கட் தப்பிக்கும்.

எர்த்தும் வயரும்

சாலினாய்டு, ரிலே எல்லாவற்றின் கரண்டும் கடைசியில் ஈசியுவின் பவர் எர்த் வழியாகத்தான் திரும்புகிறது. கையேட்டில் நான்கு எர்த் பின் இருந்தால் நான்கையும் போடுங்கள், நான்கும் எஞ்சினில் ஒரே போல்ட்டில் சேரட்டும், அங்கே பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்க வையுங்கள். சென்சார் எர்த் வேறு, அது ஈசியுவுக்கு மட்டும் போகும் வயர், பாடியிலோ எஞ்சினிலோ எங்கேயும் தொடக் கூடாது.

வயர் தடிமன்: ரிலே காயிலுக்கு 0.5 ஸ்கொயர் எம்எம், சாலினாய்டுக்கு 0.75, பம்புக்கு 1.5, ஃபேனுக்கு 2.5. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் வயர் வேண்டாம், கார் வயர் என்று கேட்டு வாங்குங்கள், எஞ்சின் சூட்டில் வீட்டு வயரின் தோல் இறுகி வெடித்துவிடும். பம்புக்கு 15 ஆம்ப் பியூஸ், ஃபேனுக்கு 20 அல்லது 25, காயில் லைனுக்கு 10. பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மோட்டார் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது எரிவது வயர்தான்.

ரிலேக்களைக் கால் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், உள்ளே வரும் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறி வரட்டும். டிசம்பர் மழையில் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரும்.

ஈசியுவைச் சொருகும் முன்

ஈசியுவை மாட்டாமல், கனெக்டர் மட்டும் தொங்கட்டும். ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் போடும் 5 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, ஒரு வயரை பேட்டரி நெகட்டிவில் கட்டுங்கள். சாவி ஆன். ஒவ்வொரு அவுட்புட் பின்னிலும் முதலில் மீட்டரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள், வரவில்லை என்றால் பியூஸோ வயரோ போயிருக்கிறது. பிறகு பல்பின் மறு வயரால் அந்தப் பின்னைத் தொடுங்கள். ரிலேயாக இருந்தால் 'டிக்' என்று இழுக்கும், பல்பு எரியாது, ஏனென்றால் காயில் வழியாக வருவது அதற்குப் போதாது. சாலினாய்டாக இருந்தால் பல்பு மங்கலாக எரியும். முழுப் பிரகாசமாக எரிந்தால் நடுவில் காயிலே இல்லை, அந்தப் பின்னில் நேராக 12 வோல்ட் வருகிறது, அல்லது டையோடு திரும்பியிருக்கிறது. ஈசியு மாட்டியிருந்தால் அதன் டிரான்சிஸ்டர் அந்த நொடியில் போயிருக்கும், இப்போது போனது எதுவும் இல்லை. நான் இந்தப் பல்புச் சோதனை செய்யாமல் எந்த ஈசியுவையும் சொருகுவதில்லை.

எல்லாப் பின்னும் தேறிய பிறகு ஈசியுவைச் சொருகி, லேப்டாப்பில் டியூனர்ஸ்டூடியோ என்ற டியூனிங் மென்பொருளைத் திறந்து, எஞ்சின் ஓடாமலே அவுட்புட்களை ஒவ்வொன்றாக ஆன் செய்து பாருங்கள், அதற்கென்று தனிப் பக்கமே இருக்கிறது. ஃபேன் ஓடும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபேன் ரிலேயின் 87க்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் ஏதோ ஒரு கிரிம்ப் (அழுத்திப் பிடித்த வயர் முனை) சரியில்லை, அந்த இடத்தைத் தொட்டாலே சுடும்.

கடைசியாக, லேப்டாப் வயரைக் கழற்றிவிட்டு, சாவியை எடுத்து, கதவை மூடி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்ப் நிலையில் வைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். 0.05 ஆம்ப்புக்குள் இறங்கினால் வண்டியைப் பூட்டிவிட்டுப் போகலாம். இறங்கவில்லை என்றால் ரிலேக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது மீட்டர் விழுகிறதோ அதன் 86க்கு எங்கிருந்து பவர் வருகிறது என்று பாருங்கள்.